பால்மீட்டாவின் போதகர்

வானாமேந்த், ஹெய்ட்டி
1999 நவம்பர் 24

கர்த்தருக்குள் பிரியமான ஒதானீஸ்,

நான் உயிரோடு இருக்கிறேன், அடிகிடி எதுவும் படவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். ஞாயிறு காலை பக்கத்துக் குடியிருப்பில் ஜெபம் நடத்த சைக்கிளில் கிளம்பினேன் அல்லவா? முச்சந்தியில் சிப்பாய்கள் லாரியோடு நின்றார்கள். "பேப்பர் எங்க?" என்றார்கள். என்னிடம் இருந்தது வேதம் ஒன்றுதான். காட்டினேன். "இது எந்த நாட்டு பாஸ்போர்ட்டுய்யா?" என்று ஒருவன் சிரித்தான். இருபத்தாறு வருஷம் உங்கள் கரும்பை வெட்டியவன் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. மாலைக்குள் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நாம் பிறந்த நாட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சைக்கிள் முச்சந்தியிலேயே கிடக்கும், யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்.

இங்கே ஒரு பழைய காப்பிக் கிடங்கில் நாற்பது பேரோடு படுத்திருக்கிறேன். எல்லோரும் என்னைப்போல வந்தவர்கள்தான்.

சபையை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. மூப்பர் செந்திலுஸிடம் சாவியைக் கொடுத்துவிடு. பிரசங்கத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும். தலைநகரத்து மிஷனுக்கும் அவரையே எழுதச் சொல். நீ எப்போதும்போல கூட்டிப் பெருக்கி விளக்கு வைத்தால் போதும், வேறு எதிலும் தலையிட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற மெர்சிலியா எல்லைச் சந்தையில் பூண்டு வாங்கி விற்கிறவள், நம்பலாம். பதில் எழுது.

உன் தெரிலுஸ்


பால்மீட்டா
1999 டிசம்பர் 13

என் அன்பான தெரிலுஸுக்கு,

கடிதம் வந்த அன்று உலை வைத்ததையே மறந்துபோனேன், சோறு கரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறீர்கள். அது போதும்.

சாவியைக் கொண்டுபோய் நீட்டினேன். மூப்பர் அதைத் தொடவே இல்லை. "ஒதானீஸ், நான் பிரசங்கம் பண்ற எடம் லாரிக்காரனுக்குத் தெரிஞ்சா என்னயும்ல தூக்கிட்டுப் போவான்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவர்மேல் கோபப்படாதீர்கள். எழுபது வயசு, ஓட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்து நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் யாரும் இல்லை. பாட்டு முடிந்தது, இன்னொரு பாட்டும் முடிந்தது. கடைசி பெஞ்சிலிருந்து யோலேத், "யாராவது எந்திரிச்சு ஏதாச்சும் சொல்லுங்கப்பா, இல்லாட்டி நான் வீட்டுக்குப் போயி வாழக்காய வேக வைக்கிறேன்" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. உங்களைப்போல வசனம் அடுக்கத் தெரியவில்லை. அன்று நீங்கள் துவைத்துக் காயப்போட்டுப் போன சட்டை இன்னும் கொடியிலேயே கிடக்கிறது, எடுக்க எனக்கு மனசு வரவில்லை என்றேன். "யார் வீட்டுக் கொடியில எல்லாம் இப்பிடி எடுக்காத சட்டை கெடக்கு?" என்று கேட்டேன். பதினொரு பேர் கை தூக்கினார்கள், தெரிலுஸ். லாரியில் போன அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபித்தோம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் ஐம்பது பேர் வந்தார்கள்.

சைக்கிள் கிடைத்துவிட்டது. ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள், ஏற்கனவே இரண்டு முறை வாய்க்காலில் விழுந்தாகிவிட்டது.

உங்கள் ஒதானீஸ்


வானாமேந்த்
2000 ஜனவரி 5

ஒதானீஸ்,

நீ எழுதுவதற்கு முன்பே மெர்சிலியா சொல்லிவிட்டாள். "ஒம் பொண்டாட்டி ஒன்னவிட நல்லாப் பேசுறாளாமே!" என்று சந்தையே கேட்கும்படி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பதினெட்டு வருஷம் நான் நின்ற இடம் அது. வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். யாரும் தலையில் கை வைத்து உன்னைப் போதகராக்காமல், மிஷனைக் கேட்காமல், சட்டையைப் பற்றிப் பேசினால் அது பிரசங்கமா?

புத்தாண்டுக்கு இங்கே எல்லார் வீட்டிலும் பூசணி சூப். கிடங்கில் எங்களுக்கும் ஒரு சட்டி வந்தது. ஆளுக்கு நாலு கரண்டி. என் பங்கைக் குடிக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் நினைத்தேன், நாம் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்க வேண்டும்? உனக்கும் பேப்பர் இல்லை. பிள்ளை குட்டி என்று உன்னைக் கட்டிப்போடவும் யாரும் இல்லை. அடுத்த முறை லாரி வந்தால் ஓடாதே. கைகாட்டி ஏறிவிடு. மாலைக்குள் என்னிடம் வந்துவிடலாம். பாலத்தடியில் காத்திருப்பேன். சபையை மிஷன் பார்த்துக்கொள்ளும்.

வா, ஒதானீஸ்.

தெரிலுஸ்


பால்மீட்டா
2000 மார்ச் 26

என் தெரிலுஸுக்கு,

இத்தனை நாள் எழுதாதது கோபத்தால் இல்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

லாரி வந்தது. பிப்ரவரி பத்தாம் தேதி, கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். ஆண்கள் கரும்புக்குள் ஓடினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள், யோலேத் நிறைமாத வயிற்றோடு. நான் வாசலில் நின்றேன். லாரி என் முன்னால்தான் வந்து நின்றது. பின்கதவு திறந்தே இருந்தது. உங்கள் கடிதம் என் மடியில் இருந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் போதும், ராத்திரிச் சாப்பாடு உங்களோடு.

சார்ஜென்ட், "உள்ள யாரு?" என்றான்.

"ஆராதனை நடக்குது" என்றேன்.

"வியாழக்கெழமயா?"

"எங்களுக்குத் தேவைப்படற கெழமையில நடத்துவோம் ஐயா. நீங்களும் வரலாம், தொப்பியக் கழட்டிட்டு வாங்க."

உள்ளே பாட ஆரம்பித்துவிட்டார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கரும்பிலிருந்து நாலு பேரைப் பிடித்துப் போனார்கள், அதை நான் தடுக்க முடியவில்லை. யோலேத்தின் புருஷனும் அதில் ஒருவன். அவளுக்கு மூன்றாம் நாள் பெண் பிறந்தது. அவனைக் கண்டுபிடித்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லுங்கள். பேர் எவாரிஸ்ட்.

பிள்ளை குட்டி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த லாரியில் நான் ஏறியிருந்தால் வாசலில் யார் நின்றிருப்பார்கள்?

மிஷனிலிருந்து மேற்பார்வையாளர் பவுலினோ ஜீப்பில் வந்தார். தலைநகரத்திலிருந்து ஒரு போதகரை அனுப்புகிறேன், நீங்கள் கணவரிடம் போகலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் மூப்பர் செந்திலுஸ் எழுந்தார், கதவைச் சாத்திக்கொண்ட அதே மனிதர்! "ஐயா, ஜீப்புல வர்ற போதகர் ஜீப்புலயே திரும்பிடுவார். எங்களுக்கு வாய்க்கால்ல விழுந்து எந்திரிச்சு வர்ற போதகர்தான் வேணும்" என்றார். நான் சைக்கிளில் போய் ஜெபம் நடத்துகிற மூன்று குடியிருப்புச் சனமும் கைதட்டியது. மேற்பார்வையாளர் என்னைத் தனியே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு தலையில் கை வைத்து ஜெபித்தார். முறையாகத்தான் நடந்தது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

என் பேரும் படமும் போட்ட மிஷன் அட்டை கொடுத்திருக்கிறார்கள். என் பேர் அச்சில் ஏறியது இதுவே முதல் தடவை. ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, மேற்பார்வையாளர் எல்லைப் பக்கம் வருகிறார், ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொள்வார். எல்லைச் சந்தைக்கு வாருங்கள், சந்தை நாளில் பாலம் எல்லாருக்கும் திறந்திருக்குமே. வராமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வாருங்கள்.

ஒதானீஸ்


வானாமேந்த்
2000 ஏப்ரல் 15

பால்மீட்டா சபையின் போதகர் ஒதானீஸ் அவர்களுக்கு,

நேற்றுச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லவில்லை, இன்று எழுதுகிறேன். ஜனவரியில் நான் எழுதியது பொறாமையில் எழுதியது. தனிமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதுவும் உண்மைதான். ஆனால் பொறாமைதான் அதிகம். மன்னித்துவிடு.

சந்தையில் உன்னைத் தூரத்தில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. நடையே மாறியிருக்கிறது. ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்க்கிறோம், நீ முதலில் கேட்டது "எவாரிஸ்ட் எங்க?" அவனைக் கூட்டி வந்திருந்தேன், நல்லவேளை. பிள்ளையின் காலடித் தடத்தைக் காகிதத்தில் மை தொட்டு எடுத்து வந்திருந்தாயே, அதை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை. கிடங்கில் எல்லாரிடமும் காட்டியாகிவிட்டது.

சோதனைச் சாவடியில் சிப்பாய் உன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பொம்பளயா போதகர்?" என்றதையும், "ஞாயித்துக்கெழம வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று நீ சொன்னதையும் பவுலினோ ஐயா எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கம் வந்துவிடு என்று நானும் கேட்கவில்லை, உன்னோடு ஒளிந்து வந்துவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. கவனித்திருப்பாய். ஒவ்வொரு லாரி வரும்போதும் பாலத்தடியில் தண்ணீரோடு இப்போது நாங்கள் நிற்கிறோம். இறங்குகிறவர்களின் பேரையும் ஊரையும் எழுதிக்கொள்கிறோம். அதுதான் இங்கே என் சபை. அறுபது பேர். அவர்களை விட்டு எப்படி வருவேன்? ஐயா ஜீப்பில் வருகிற வெள்ளிக்கிழமைகளில் சந்தையில் பார்ப்போம். நம் வயசில் அது மோசமில்லை.

சந்தை மூடும் விசில் ஊதியது. எல்லாரும் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் ஓலை வெட்டல" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாய். நீ ஜீப்பில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் வெங்காய மூட்டையோடு நின்றவன், "யாருய்யா அந்தம்மா? ராணுவக்காரனே வழி விடுறானே?" என்றான்.

"பால்மீட்டா போதகர்" என்றேன்.

"ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

"எம் பொண்டாட்டி" என்றேன், வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

தெரிலுஸ்