கம்பியில் போன கல்யாணச் செய்தி

நெப்ராஸ்கா
1933 அக்டோபர் 19, வியாழக்கிழமை

அன்பு மகள் அல்பினாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் வெர்னாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால்தான் குளிர் வரப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. டெட்ராய்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கக் கடவுள் துணை. மாப்பிள்ளைக்குக் கார் தொழிற்சாலையில் மறுபடி வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய், படித்து மனசு குளிர்ந்தது. இங்கே மழை இல்லை. சோளம் விற்கிற விலைக்கு அதை வண்டியேற்றிக் கொண்டுபோவது வீண் என்று ஜனங்கள் அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள், ஊரெல்லாம் பொரி வாசனை. வயிற்றுக்குப் போகவேண்டியதை எரிக்க எனக்கு மனசு வரவில்லை, நான் இன்னும் விறகுதான் பொறுக்குகிறேன்.

இதெல்லாம் எழுதுவது சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடத்தான். வெர்னாவுக்கு வேலை போய்விட்டது. கல்யாணமான பெண் டீச்சராக இருக்கக்கூடாது என்று பள்ளிக்கூடக் கமிட்டி வைத்திருக்கிற சட்டம் உனக்குத் தெரியும், அதனால்தானே மே மாதம் அவளும் லெனார்டும் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். லெனார்டுக்கு ரோடு போடுகிற வேலை ஒரு மாதம் இருந்தால் இரண்டு மாதம் இல்லை, அவள் சம்பளத்தை விட்டால் வேறு வழி இல்லை. மோதிரத்தைக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். விஷயம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நானும், சாட்சிக் கையெழுத்துப் போட்ட அவள் தோழி இர்மாவும்தான். இர்மா அடுத்த பள்ளிக்கூடத்து டீச்சர், நீ பார்த்திருக்கிறாய், சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

அல்பினா, விஷயத்தை வெளியே விட்டது இர்மா இல்லை. நான். இங்கே ஒரே கம்பியில் பதினோரு வீட்டுக்கு டெலிபோன் இருக்கிறது, யாருக்கு மணி அடித்தாலும் எல்லாரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வது இங்கே பொழுதுபோக்கு. யார் கேட்கிறார்கள் என்றுகூடத் தெரிந்துவிடும். கமிட்டித் தலைவர் வோன்ட்ராவின் மனைவி எடுத்தால் அவள் வீட்டு மஞ்சள் குருவி கூண்டில் கத்துவது கேட்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை உன் அத்தை அன்டோனியா கூப்பிட்டாள். அவள் பேத்திக்கு மளிகைக் கடைக்காரன் மகனோடு நிச்சயமானதை அரை மணி அளந்துவிட்டு, “ஏன் அண்ணி, உங்க வெர்னாவுக்கு இருபத்தஞ்சு ஆகப்போகுதே, கரும்பலகையையே கட்டிக்கிட்டு வாழப்போறாளா?” என்று சிரித்தாள். எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. “போடி இவளே, என் பேத்திக்கு மே மாசமே கல்யாணம் ஆயிடுச்சு, மாப்பிள்ளை ஆறடி உயரம்” என்று சொல்லிவிட்டேன். குருவி கத்துவது எனக்குக் கேட்டது அல்பினா. அன்டோனியா கேலி செய்யும்போதே கேட்டது. கேட்டுக்கொண்டேதான் சொன்னேன். வோன்ட்ராவின் மனைவியும் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேனோ என்னவோ, இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் கமிட்டி அவளைக் கூப்பிட்டது. மூன்று ஆண்கள், மூன்று பேர் பிள்ளைகளுக்கும் அவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். வோன்ட்ரா, “புருஷன் இருக்கான்ல, அப்புறம் உனக்கு எதுக்கும்மா சம்பளம்? குடும்பஸ்தன் ஒருத்தன் வேலையில்லாம சும்மா உட்கார்ந்திருக்கான்” என்றாராம். இவள் பொய் சொல்லவில்லை. கயிற்றை அறுத்து மோதிரத்தை அவர்கள் கண்முன்னே விரலில் போட்டுக்கொண்டு, “இப்ப நல்லாத் தெரியுதா?” என்று கேட்டுவிட்டு வந்தாளாம். அவள் இடத்துக்கு வந்திருப்பவன், மூடிப்போன பேங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன், இரண்டு பிள்ளைகள், கிழிந்த ஷூ. எந்தப் பிள்ளைக்கு எது வராது என்று கேட்க வீட்டுக்கே வந்தான், இவளும் உட்காரவைத்துக் காபி கொடுத்துச் சொன்னாள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னே நீ முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றபோது நான் அழுதேன், அப்போது பேப்பர்காரன் முதல் பாதிரியார் வரைக்கும் காலம் மாறிவிட்டது, பெண்கள் படிக்கட்டும், கார் ஓட்டட்டும் என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பீட்ரூட் வயலுக்குப் போனவள், அதை நம்பித்தான் இவளைப் படிக்க அனுப்பினேன். இப்போது பேங்க் மூடியதும் அதே வாய்கள் பெண்களை அடுப்படிக்குப் போகச் சொல்கின்றன. காலம் மாறியதா, கையில் காசு இருந்தவரைக்கும் மாறியதுபோல இருந்ததா, எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இர்மாதான் சொன்னாள் என்று வெர்னா முடிவு செய்துவிட்டாள். அந்தப் பெண் ஒரு தட்டு கசகசா வைத்த கொலாச் ரொட்டி செய்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது, இவள் கதவைத் திறக்கவில்லை. நானும் உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே உன்னிடம் சொன்னால் பாரம் இறங்கும் என்றுதான். எழுதியும் இறங்கவில்லை. கொஞ்சம் இரு, வெர்னா வெளியே துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள், போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சொல்லிவிட்டேன். குருவியையும் சேர்த்துச் சொன்னேன். கையில் இருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள், திரும்பத் திரும்பப் பிழிந்தாள். “நான் அவ முகத்துல கதவைச் சாத்தினப்போ நீ எங்க பாட்டி இருந்தே?” என்று மட்டும் கேட்டாள். உள்ளேதான் இருந்தேன் என்றேன். கோட்டை எடுத்துக்கொண்டு இர்மா வீட்டுக்கு நடந்தே போனாள், இரண்டு மைல். சாயங்காலம் தனியாகத்தான் திரும்பி வந்தாள், கண் வீங்கியிருந்தது. இர்மா அவளை உள்ளே விட்டாளாம், ஆனால், “உங்க பாட்டி வந்து எங்கம்மா முன்னாடி சொல்லட்டும், நான் காட்டிக்கொடுக்கலைன்னு சொன்னா ரெண்டு வாரமா எங்கம்மாவே என்னை நம்பல” என்றாளாம். என்னோடு வெர்னா இன்னும் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் தட்டு வைத்தாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். நீ வெர்னாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என்னை மன்னிக்கச் சொல்லி எழுதாதே, அது அவள் பாடு. குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், சுடுதண்ணீரில் போட்டுவிடாதே. வேலை திரும்ப வரவேண்டும் என்று பிரார்த்தனை பண்ண வேண்டாம், வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இர்மா வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா முன்னால் எனக்கு நாக்கு எழவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்.

உன் அம்மா
பார்போரா