தவக்காலம் என்று சொல்லிவைத்தது

மார்ச் 4, திங்கள்
காலையிலேயே புழுக்கம். பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு ஓட்டம், ரயில் கிடைத்தது. பி.எட். பாடக்குறிப்பு ஒப்படைத்தாயிற்று.

மதியம்: கேழ்வரகு அடை இரண்டு, வேர்க்கடலைத் துவையல். ருசிதான், வயிறும் நிறைந்தது. மரத்தடியில், தனியாக. மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பா மாற்றிக்கொள்கிறார்கள். எடுத்தால் கொடுக்க வேண்டும். என் டப்பாவில் அதற்கு மிஞ்சாது. தவக்காலம், ஒருசந்தி நோன்பு இருக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஈஸ்டர் வரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பக்கத்துப் போர்ஷன் சரோஜா அக்காவிடமும் அதையே. நான் வகுப்புக்குப் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவருவார். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே. வைத்துக் கொடுக்க என்ன இருக்கிறது? அதனால்தான், "நாப்பது நாளும் எங்க வீட்ல கவிச்சி கிடையாதுக்கா." நம்பிவிட்டார்.

மார்ச் 6, புதன்
சுகாதார நிலையம். பாப்பாவுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. போன மாத எடைதான், அதே ஏழு கிலோ. நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குழந்தைக்கு இருக்கட்டும், நீ என்னம்மா சாப்பிடுற?" அடுத்த புதன் மறுபடி வர வேண்டுமாம்.

தூத்துக்குடியிலிருந்து அத்தை கடிதம். "பிள்ளை தேறலைன்னா இங்க கொண்டாந்து விட்டுரு. படிப்பு ஒனக்கு, பட்டினி பிள்ளைக்கா?" அசாமிலிருந்து அவரும்: அம்மா சொல்வது சரிதானே, பரீட்சை வரைதானே. பட்டாளத்தில் இருப்பவருக்கு மூன்று மாதம் ஒரு கணக்கே இல்லை. திரும்பி வரும்போது பாப்பா என்னை அடையாளம் தெரியாமல் அழும்.

மார்ச் 8, வெள்ளி
பாப்பாவுக்கு இனி: முருங்கைக்கீரை (வீட்டுக்காரரைக் கேட்டுப் பறிக்க). பொட்டுக்கடலை மாவு. வாழைப்பழம். எனக்கு டீ நிறுத்தம், அந்தப் பால் பாப்பாவுக்கு.

மதியத்தோடு வகுப்பு விட்டார்கள். சொல்லாமல் வந்து நின்றேன். அக்கா தன் மகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார். பாப்பா கை நீட்டியது. அக்கா அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"வாணாம்டி கண்ணு. உங்க ஊட்ல நோம்பு."

முன்பெல்லாம் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"டெய்லி மஞ்சக்கரு மசிச்சி ஊட்டுவேனே. நீதான் நோம்புன்ன, நிறுத்திக்கினேன். சாமி விசயத்துல நான் பூந்து, கொயந்திக்கு எதுனா ஆயிட்ச்சினா?"

எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் ஊட்டியிருக்கிறார். என் பொய் அதை நிறுத்தியிருக்கிறது. இப்போது பாப்பாவுக்கு வெறும் ரசம் சோறு.

சொல்லிவிட்டேன். எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் நோன்பு. மற்ற நாளெல்லாம் கிண்ணத்துக்குப் பயந்து.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இவ்ளோ பட்ச்சிட்டு, ஒரு கிண்ணத்துக்குப் பயந்துகினு கீறியே டீச்சரம்மா. கழுவிக் குடு. அத்த விட இன்னா வோணும்?" சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு
பூசை. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று மட்டும். யாரிடம், எதற்கு என்று ஃபாதர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மதியம் அக்கா கொடுத்த வஞ்சிரக் குழம்பு. சுவரைப் பார்த்து உட்கார்ந்து நிறையச் சாப்பிட்டேன். கிண்ணத்தை வெறுமனே கொடுக்கும்போது கை கூசியது. அக்கா உள்ளே பார்க்காமலே வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

மார்ச் 13, புதன்
தராசு முள் ஏழு கிலோவைத் தாண்டிவிட்டது. கொஞ்சம்தான். இரண்டு முறை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அக்கா மறுபடி மஞ்சள்கரு ஊட்டுவதையும் சொன்னேன். "ஏறுது, ஏறுது. இதையே குடு," என்றார் நர்ஸ். வரிசையில் பின்னால் நின்ற பெண்ணிடம் சொல்லத் திரும்பினேன். அவள் தன் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்குக் கடிதம். பாப்பா என்னிடமே இருக்கட்டும். கீழே மன்னிக்கவும் என்று எழுதி, அடித்துவிட்டேன்.