கொடிக்காரியின் காலடியில்

பாரிஸ், 20 மே 1831

அன்புள்ள கணவருக்கு,

கிளெமான்ஸ் எழுதுவது. நலமா? நீங்கள் தறி நெய்ய லியோனுக்குப் போனதிலிருந்து முதல் கடிதம் எழுதுவது எப்போதும் நான்தான். போகட்டும்.

மன்னரை விரட்டிய போன ஜூலைத் தெருச்சண்டையில் நம் அத்ரியான் செத்தபோது, வெயிலில் பிணங்கள் தாங்காதென்று எல்லாரையும் லூவர் அரண்மனை வாசலில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஞாயிறுதோறும் அங்கே வாடாமலர் வளையம் வைத்துவிட்டு வருகிறேன். இப்போது அதே அரண்மனைக்குள் ஓவியக் கண்காட்சி. அந்தச் சண்டையையே வரைந்து மாட்டியிருக்கிறார்கள் என்று சலவைத்துறையில் பேசிக்கொண்டார்கள். போனேன்.

படத்தில் ஒருத்தி மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவள்தான் சுதந்திரமாம், நாடே அவள்தானாம். என் பக்கத்தில் நின்ற பட்டுக் கவுன்காரி, "ஐயே, எவ்வளவு அழுக்கா இருக்கா! சுதந்திரம்னா குளிக்கக் கூடாதா?" என்றாள்.

"மூணு நாள் சண்டையில அவளுக்கு யாரும்மா தண்ணி காய வச்சாங்க?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கொடிக்காரியின் காலடியில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். உடம்பில் சட்டை மட்டும்தான். கால்சட்டையை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காலில் காலுறை, மற்றது வெறுங்கால். அவன் அத்ரியான் இல்லை, தெரியும். ஆனால் என் பிள்ளையின் உடம்பென்று பார்க்க எனக்கு வேறு எது இருக்கிறது? ஒருமுறை வாருங்கள். தனியாக நின்று பார்க்க முடியவில்லை.

உங்கள் கிளெமான்ஸ்


லியோன், 9 ஜூன் 1831

கிளெமான்சுக்கு,

ஃபிர்மன் எழுதுவது. நீ ஏன் கீழே கிடப்பவனையே பார்க்கிறாய்? உயரத் தொப்பி வைத்த பணக்காரரும் பட்டறைத் தொழிலாளியும் ஒரே கொடிக்குப் பின்னால் வருகிறார்களாமே, அதைப் பார். அதுதான் நம் நாடு. அதற்காகத்தான் பிள்ளை போனான், எனக்குப் பெருமைதான். தறியை விட்டுவிட்டு இப்போது வர முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிர்மன்


பாரிஸ், 21 ஆகஸ்ட் 1831

அன்புள்ளவருக்கு,

கண்காட்சி முடிந்துவிட்டது, நீங்கள் வரவில்லை. படத்தை அரசாங்கமே வாங்கிக்கொண்டதாம். கடைசி நாளில் வளையத்தைக் குழியில் வைக்காமல் உள்ளே கொண்டுபோய்ப் படத்தின் கீழே வைத்தேன். காவலாளி ஓடிவந்தார்.

"என்னம்மா, இது என்ன கல்லறையா?"

"எனக்கு இதுதாம்பா கல்லறை."

பாவம், நல்ல மனிதர். கூட்டம் கலையும்வரை எடுக்காமல் விட்டுவைத்தார்.

ஒன்று கவனித்தேன். கொடிக்காரி திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் வருகிறவர்களை. காலடியில் கிடப்பவனைப் பார்க்கவே இல்லை. நீங்களும் அப்படித்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிளெமான்ஸ்


லியோன், 16 நவம்பர் 1831

அன்புள்ள கிளெமான்ஸ்,

கோபமில்லை. ஒப்புக்கொண்ட கூலியைத் தர முடியாது என்கிறார்கள் முதலாளிகள். "ஜூலையில செத்தானே உம்ம மகன், யாருக்காகய்யா செத்தான்?" என்று பக்கத்துத் தறிக்காரர் குய்யோ கேட்டார். நான் தறியை மறுபடி ஓட்டினேன். இந்த அறையில் தறிச் சத்தம் நின்றால் பயமாக இருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு வருகிறேன். படம் எங்கே இருந்தாலும் கேட்டுக்கொண்டு சேர்ந்தே போவோம். இங்கே குளிர் கொல்கிறது, காலுறையெல்லாம் ஓட்டை.

உன் ஃபிர்மன்


பாரிஸ், 30 நவம்பர் 1831

என் அன்புள்ளவருக்கு,

லியோனில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள், தெருவில் பிணங்கள் என்கிறார்கள். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அவர்களை அடக்கப் பட்டாளம் போகிறதாம். அந்தப் பட்டாளத்துக்கு முன்னால் பிடித்துப்போவது எந்தக் கொடி தெரியுமா? நம் அத்ரியான் எதற்காகச் செத்தானோ, அதே கொடி.

காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். ஒற்றைக் காலுறையைப் பார்த்தால் எனக்கு நடுக்கம். அதனால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். பதில் எழுத நேரமில்லாவிட்டால் வேண்டாம். ஆள் வந்தால் போதும்.

உங்கள் கிளெமான்ஸ்


பாரிஸ், 8 ஜனவரி 1832

ஃபிர்மன்,

பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. குய்யோ எழுதியிருக்கிறார். உங்களையும் சண்டையில் செத்த மற்றவர்களோடு ஒரே குழியில் போட்டுவிட்டார்களாம். முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

பிள்ளையைப் பார்க்க ஒரு படமாவது இருந்தது. உங்களை யார் வரைவார்கள்? நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

கிளெமான்ஸ்