போக்கியத்துக்குப் போன மாடி

செப்டம்பர் 5, வியாழன்

வாடகை வாங்க மாடிக்குப் போனேன். வெள்ளிமலையிலிருந்து வந்து குடியிருக்கும் வாத்தியார் திருதிருவென விழித்தார்.

“இன்னா பாய், வாடகையா? ரெண்டு போர்ஷன்காரங்களும் மூணு வருஷ போக்கியத்துக்கு உங்க வீட்டம்மாகிட்ட மொத்தமா பணம் குடுத்துட்டமே. இனிமே வாடகை ஏது?”

வீடு என் மனைவி மெஹருன் பெயரில். அதைப் பேங்கில் அடமானம் வைத்துத்தான் மாடியே கட்டினோம். தவணை போக மிஞ்சும் வாடகையில் கடைசிக்காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

கீழே வந்து கேட்டேன். பெருமையாகப் பத்திரத்தைக் காட்டினாள். “கடன அடைச்சு மீட்டுட்டேங்க. வட்டி கட்டிக்கினு தொழுவ மனசு வரல.”

பிறகு கேட்டேன், “மூணு வருஷம் கழிச்சு அவங்க பணத்த எத வெச்சுத் திருப்பித் தருவ?”

பத்திரத்தை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.