ஒரு பொத்தல், இரண்டு பொத்தல்

திருவொற்றியூர்
12-8-1969

அன்புள்ள ஐரீனுக்கு,

நான் நலம். உன் முதுகுவலியும் மாமாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

கோதாவரிக் கரையில் நாங்கள் தோண்டியெடுத்த ஆதி ஊர்வன ஒன்றின் மண்டையோடு சீமைக்குக் கப்பலேற வந்தது. கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு பொத்தல் இருந்தால் பாலூட்டிகளான நம் வம்சம். இரண்டு இருந்தால் பல்லி, முதலை வம்சம். இதற்கு ஒன்றுதான். பெட்டியின்மேல் ‘எலும்பு’ என்று நான் எழுதியிருந்ததால், லாரிக்காரர் அதை எலும்பு மாவு ஆலையில் இறக்கிவிட்டார்.

நான் ஓடிப்போனபோது ஆலை மேஸ்திரி சிலுவைமுத்து சம்மட்டியோடு நின்றார்.

“இன்னா நைனா, எலும்புன்னு கல்ல அனுப்பிகீற? எடை ஏத்துறியா?”

“கல்லாகிப்போன எலும்பு, ஐயா. நமக்குத் தூரத்துச் சொந்தம்.”

“இன்னாது, இந்தக் கல்லு எனக்குச் சொந்தமா? கஸ்மாலம்!”

சம்மட்டி மண்டையோட்டின்மேல் இறங்கியது. குறுக்கே விழுந்த என்னை நாலு பேர் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். பிறகு அவர்களே எலும்பு மாவைத் தூவி ரத்தத்தை நிறுத்தினார்கள். ஆலையில் அதற்குப் பஞ்சமில்லை.

இப்போது மண்டையோட்டுக்கு இரண்டு பொத்தல்; ஒரே அடியில் பல்லி வம்சத்தில் சேர்ந்துவிட்டது. எனக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒன்றுதான். நம் வம்சத்திலேயே இருக்கிறேன், கவலைப்படாதே.

பழைய வேட்டியும் மெத்தென்ற தலையணையும் அனுப்பு. வலப்பக்கமாகத்தான் படுக்க முடிகிறது. வீட்டில் அந்தப் பக்கம் நீ இருப்பாய்; இங்கே சுவர்தான் இருக்கிறது, ஐரீன். தபால்காரர் பையைக் கட்டுகிறார்.

உன்
அருள்பிரகாசம்