பத்து டிகிரி கழித்த மச்சானுக்கு

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, கூடவே என்னையும் இலவச இணைப்பாகப் பெற்றுக்கொண்ட அருமை டேவிட் மச்சானுக்கு,

அந்தோணியார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவர் பெயரை எனக்கு வைத்த பாவத்துக்கு அவரே சாட்சி. இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை ஒரு மனிதப் பிறவியும் நம்பாது. நீயும் நம்பமாட்டாய். நீ உயிரோடு இருந்தபோதே நான் மணி சொன்னால் சுவர்க்கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கிறவன்தானே?

நீ யாரென்று உனக்குத் தெரியும். நம்மை ஒட்டுக்கேட்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பகலில் சிறுசேரியில் உட்கார்ந்து ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதினாய். வீட்டுக்கு வந்ததும், கேளம்பாக்கம் ஃப்ளாட்டின் பால்கனியில் காயும் துணிகளுக்குக் கீழே உட்கார்ந்து, உன் ஆசைக்கு ஒன்று எழுதினாய். அதற்கு 'அனல்' என்று பெயர் வைத்தாய். கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் ப்ராசசர் எத்தனை டிகிரி சூட்டில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. யார் வேண்டுமானாலும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

கடப்பாக்கத்தில் என் சர்வீஸ் கடைக்கு வந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றித்தான் திருப்பி அனுப்பினேன். அங்கிருந்து ஜெராக்ஸ் கடை, கல்யாண ஸ்டூடியோ, இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி என்று கடலோரம் பூராவும் பரவியது. இப்போது நிலாவில் நிற்கிற வண்டியிலும் அதுதான் ஓடுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெறும் எண் போட்டால் எவனுக்குப் புரியும் என்று நான்தான் உன்னை நச்சரித்தேன். நீயும் வார்த்தை சேர்த்தாய். பச்சை எரிந்தால் 'ஜில்லுனு கீது'. மஞ்சளுக்கு 'பரவால்ல'. சிவப்பு வந்தால் 'பேஜாரு'. உலகத்திலேயே செங்கல்பட்டுத் தமிழ் பேசிய முதல் தெர்மாமீட்டர் நம்முடையது. ஐ.நா. சபையில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அப்புறம் போன வருஷம் நீ போய்விட்டாய்.

நீ போனால் என்ன, ப்ராசசர் செய்கிறவர்கள் ஒருநாளாவது கடையைச் சாத்தினார்களா? புதுசு புதுசாக இறக்குகிறார்கள். ஒவ்வொன்றும் தன் சூட்டை ஒவ்வோர் இடத்தில் ஒளித்துவைக்கிறது. பழைய அனல் பழைய இடத்திலேயே போய்த் தேடிவிட்டு, கிடைத்த குப்பையை எண்ணாக்கிக் காட்டுகிறது. செய்யூரில் ஒருவருடைய மெஷின் மைனஸில் போனது. சித்திரை வெயிலில், மைனஸில்! ஆள் போர்வையோடு கடைக்கு வந்தார். கூடவே இரண்டு பென்குயின்களும் வந்தன.

உதவிக்கு என்று அனலில் நீ போட்டுவிட்டுப் போனது என் போன் நம்பரை. எனக்கு ஸ்க்ரூ கழற்றத் தெரியும், விசிறி துடைக்கத் தெரியும், சூடு தணிக்கிற பேஸ்ட் தடவத் தெரியும். கோட் எழுதத் தெரியுமா? நீ எழுதியதைத் திறந்து பார்த்தேன். கொசு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஓர் இடத்திலாவது இது எதற்கு, அது எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதிவைத்தாயா? உனக்கு மட்டும் புரிந்தால் போதுமா? எங்கே போய் உன்னைக் கேட்பது?

கடைசியில் உன் மகள்தான் மாட்டினாள். ஜெனியும் இப்போது சிறுசேரியில்தான் வேலை செய்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தால் சாயந்திரம் வரை உன்னைத் திட்டுகிறாள். என் தங்கை சமையலறையில் இருந்தபடியே "நல்லாக் கேளு" என்று எடுத்துக்கொடுக்கிறாள். உன் வீடு உன்னைத் திட்டித்தான் இந்த வருஷத்தை ஓட்டியிருக்கிறது, மச்சான்.

விஷயத்துக்கு வருகிறேன். இறால் ஹேச்சரி முருகேசன் அண்ணன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அவருடைய தொட்டிகளில் குஞ்சுகளுக்கு ஓயாமல் காற்று ஓடவேண்டும். கரண்டு போனால் ஜெனரேட்டரை உசுப்பிவிடுவது அந்தக் கம்ப்யூட்டர்தான். அந்த நேரத்தில் அது படுத்தால் காற்று நிற்கும். காற்று நின்றால் கொஞ்ச நேரத்தில் தொட்டியிலுள்ள குஞ்சு அத்தனையும் செத்து மிதக்கும்.

அந்தப் புது மெஷின் நட்டநடு மத்தியானத்தில் டப்பென்று அணைய ஆரம்பித்தது. அணைவதற்கு முந்தின நொடிவரை அனல் மஞ்சளில் 'பரவால்ல' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை அணைந்தபோது கரண்டும் சேர்ந்து போயிருக்கிறது. அண்ணன் சாப்பாட்டுக் கையோடு ஓடி ஜெனரேட்டரைப் போட்டார். ஒரு தொட்டி பாதி போய்விட்டது.

அவர் என் கடைக்கு வந்து கத்திய கத்தலில் ஆலம்பரைக் கோட்டையில் மிச்சமிருந்த செங்கல்லும் உதிர்ந்தது.

"இன்னா அந்தோணி, உன் மச்சான் மிஷினு பரவால்ல பரவால்லன்னே சொல்லிகினு கீது. எங்குஞ்சு செத்துகினு கீது. இன்னாத்துக்குய்யா அது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை. உன்மேல்.

ஜெனி பஸ் பிடித்து வந்தாள். ஹேச்சரிக்குள் இரண்டுபேரும் போனோம். குஞ்சுக்குக் கதகதப்பு வேண்டும் என்று சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். உள்ளே நின்றால் நாமே வெந்து இட்லியாகிவிடலாம். அவள் தானே எழுதிவந்த ஒரு குட்டி ப்ரோக்ராமை அனலுக்குப் பக்கத்தில் ஓடவிட்டாள். ஒரே ப்ராசசர். ஆனால் அனல் எண்பத்தைந்து என்றது, அவளுடையது தொண்ணூற்றைந்து என்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். எண்கள் ஏறின, இறங்கின. இடைவெளி மட்டும் அசையவில்லை.

"மாமா, இது பிழையில்ல. எங்கப்பா வேணும்னே பத்து கழிச்சிகீறாரு."

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் ஞாபகம் இருக்கும், அந்த ஐஸ் காலம்.

அனல் முதன்முதலில் சிவப்பு காட்டியபோது நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? மீன் கெடாமல் இருக்க எதை வைப்பார்களோ அதையே வைத்தார்கள். ஐஸ் பெட்டியில் நொறுக்கின ஐஸைக் கொட்டி, அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றி உட்காரவைத்தார்கள். ஜில்லென்று ஆன இரும்பில் கடற்காற்று பட்டு உள்ளே வேர்த்து, போர்டு பூராவும் உப்புத்தண்ணீர். ஒரு மெஷினைத் திறந்தேன், உள்ளே நண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சூட்டில் செத்தது ஒன்று என்றால் ஐஸில் செத்தது நூறு. வேண்டாம் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் எவனும் கேட்கவில்லை. சிவப்பைக் கண்டால் கை தானாக ஐஸுக்குப் போனது.

அதற்கப்புறம் நீ ஓர் அப்டேட் விட்டாய். ஊர் அடங்கியது. எல்லா மெஷினும் 'ஜில்லுனு கீது' என்றன. எப்படி மச்சான் சரிசெய்தாய் என்று கேட்டேன். "சும்மா லைட்டா தட்டினேன்" என்றாய். ஆளுக்கு ஆள் போய்ப் புத்தி சொல்வதைவிடப் பத்தைக் கழித்துவிடுவது உனக்குச் சுலபமாகத் தெரிந்ததா? அந்தக்கால மெஷின்கள் பத்து டிகிரி பொய்யைத் தாங்கின. இப்போது வருபவை தாங்கக்கூடிய சூட்டின் எல்லையை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றுக்குப் பத்து டிகிரி என்பது உயிர்.

"கழிக்கறத எடுத்துடறேன் மாமா," என்றாள் ஜெனி.

நான் குதித்தேன். "எடுத்துடுவியா? ஒரே நாள்ல எல்லா மிஷினும் பத்து ஏறும்டி. மகாபலிபுரத்துலேர்ந்து மரக்காணம் வரிக்கும் ஐஸு தீந்துபூடும். மீனுக்கு ஐஸு இல்லாம சனம் கருவாடு துன்னுகினு கெடக்கும்!"

"அப்ப பொய்யே ஓடட்டும்ன்றியா?"

"நான் அப்டி சொன்னனா?"

"வேற எப்டி சொன்ன?"

நடுவில் முருகேசன் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "பாப்பா, அது நூறு டிகிரின்னாலும் சொல்லட்டும், ஆயிரம்னாலும் சொல்லட்டும். நெஜத்த சொல்லிச்சினா நான் எதுனா பண்ணுவேன். பரவால்லன்னா நான் இன்னா பண்ணுவேன்? சோறு துன்னப் பூடுவேன்."

ஜெனி தொட்டி ஓரத்தில் போய்க் குனிந்து குஞ்சுகளைப் பார்த்தாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள்.

"எங்கப்பாவும் இப்டித்தான் மாமா. நெஞ்சு இன்னாப்பா பண்ணுதுன்னு அன்னிக்கு நான் கேட்டேன். லைட்டா, பரவால்லன்னாரு. நான் ஆபீசுக்குப் பூட்டேன்."

நான் பேசத் தெரிந்தவன் என்று ஊரே சொல்லும். அந்தத் தார்ப்பாய்க்குள் எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை, மச்சான்.

ஏன் அப்படிச் செய்தாய்? அவள் பயந்துவிடுவாள் என்றா? பயப்படட்டுமே. பயந்து, கத்தி, என்னைக் கூப்பிட்டு, ஆட்டோவில் தூக்கிப் போட்டு, நான்கு தப்பான ஆஸ்பத்திரிக்கு அலைந்து ஐந்தாவதில் சேர்த்திருப்போம். உன் தலையில் ஐஸ்கூட வைத்திருப்போம். எதையாவது செய்திருப்போம்.

அடுத்து வந்த ஞாயிறுகளை உன் மகள் எப்படி ஓட்டினாள் என்று கேட்கிறாயா? கழித்தலை எடுத்தாள். புது ப்ராசசர்களுக்கு வழி எழுதினாள். அதை வெளியே விட்டால் எல்லா மெஷின்களிலும் இருக்கிற வைரஸ் காவல்காரன் பாய்ந்துவந்து அனலைக் கவ்விக்கொண்டு போனான். ப்ராசசரின் அடிவயிறு வரைக்கும் போய்ச் சூட்டைப் பார்க்க நீ வைத்த பழைய கதவு திருடனும் நுழைகிற கதவாம். வேறு கதவு வைத்தாள். பச்சை சரியாக வந்தால் சிவப்பு வரவில்லை. இரண்டும் வந்தால் மெஷின் தூங்கி எழுந்ததும் அனல் எழுந்திருக்கவில்லை. ஒன்றைச் சொருகினால் இன்னொன்று பிதுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொடுத்தே ஒரு தேயிலைத் தோட்டத்தை மொட்டையடித்தேன்.

ஐஸ் பயத்துக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ப்ராசசர் தன் சூடு இவ்வளவு என்று நேராகச் சொல்வதே இல்லையாம். எல்லையைத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் சொல்லுமாம். எல்லையிலிருந்து அதைக் கழித்துத்தான் நாம் டிகிரி போடுகிறோமாம். அதனால் நிஜமான எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'இன்னும் இத்தன டிகிரி தாங்கும். விசிறியத் தொடச்சிடு. ஐஸ் வெக்காத.' கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டும் என் படைப்பு. தமிழ் இலக்கியத்துக்கு என்னால் ஆனது.

ஊர் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறாயா? மகாபலிபுரம் ஸ்டூடியோக்காரன் போனிலேயே அடிக்க வந்தான்.

"அண்ணாத்த, உங்க அப்டேட் போட்டதுலேர்ந்து மிஷினு கொதிக்குது. பழசையே குடு. அதுல ஜில்லுனு இருந்துச்சில்ல?"

"டேய், அது அப்பவும் கொதிச்சிகினுதான்டா இருந்துச்சி. இப்பதான் சொல்லுது."

"சொல்லாததையே குடு அண்ணாத்த. பேஜாரு பண்ணாத."

இப்படி ஒருவன் இல்லை, மச்சான். லட்சம் பேர், கோடிப் பேர். வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவன் தட்டு மாதிரியான வண்டியில் வந்து இறங்கி, பழைய வெர்ஷன் கேட்டான். கடை கடையாக ஏறி இறங்கி, மூடியைக் கழற்றி, தூசியைக் காட்டி, விசிறியைத் துடைத்துக்கொடுத்து வருகிறேன். நீ அன்றைக்குச் செய்யாமல் விட்ட புத்தி சொல்கிற வேலையை இன்றைக்கு நான் செய்கிறேன். முட்டி தேய்ந்துவிட்டது.

போன வாரம் முருகேசன் அண்ணன் மெஷின் சிவப்பு காட்டியிருக்கிறது. அணைவதற்கு முன்பே. உடனே எனக்குப் போன் செய்தார். விசிறியில் உப்பும் தூசும் சேர்ந்து அப்பளமாகப் படிந்திருந்தது. துடைத்தேன். காற்று நிற்கவில்லை. தொட்டியில் குஞ்சுகள் ஊசிமுனை ஊசிமுனையாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கோடானுகோடி. அத்தனையும் உன் மகளுக்கு வணக்கம் சொன்னன.

இந்தச் செய்தியைச் சொல்ல ஜெனிக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷப்பட்டுவிட்டு, என் பேச்சில் ஏதோ கேட்டிருப்பாள்போல. "மாமா, ஏன் இப்டி மூச்சு வாங்குது? எவ்ளோ நாளா?" என்றாள். என் வாய் 'லைட்டா' என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அனலை நானும் அவளும் பார்த்துக்கொள்வோம், இன்னும் எத்தனை கண்றாவி ப்ராசசர் வந்தாலும். நான் பழையபடி புளுகுவேன், அதை விடமுடியாது. ஆனால் என் புளுகு எப்போதும் கூட்டித்தான் சொல்லும். அவளிடம் எதையும் கழித்துச் சொல்லமாட்டேன்.

பென்குயின் பொய். நிலா பொய், நண்டுக் குடும்பமும் பொய்தான். ஜெனியிடம் மட்டும் அன்றைக்கு "மாடிப்படி பாதியில நின்னுதான் ஏறுறேன், ஒரு மாசமா" என்று சொன்னது நிஜம். நாளைக்குக் காலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போகிறாள், லீவு போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தணியாத,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்கு மாமன்,
அந்தோணி