தோல்வி என்று எழுதுங்கள்

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? பேசாலையில் காற்றுத் தணிந்து கடலுக்குப் போகிறீர்களா?

எங்கள் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணிதான் இந்த வருடச் சம்பியன். பத்து ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் ஒரு சின்னக் கொழுவல். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் கோல்காப்பாளர் பஸ்மியா, கிண்ணியாப் பிள்ளை. ஒன்பது ஆட்டமும் தலையை மூடிக்கொண்டுதான் விளையாடினாள். அன்று போட்டி நடத்திய ஒருவர் மறித்தார். "இதைக் கழட்டினாத்தான் உள்ள விடலாம்."

"நான் வெளிய நிக்கிறன், நீங்க விளையாடுங்க" என்றாள் பஸ்மியா.

அணித் தலைவி நான்தானே. "அவள் இல்லாமல் இறங்கமாட்டம். தோல்வி எண்டு எழுதுங்கோ" என்றேன். மற்றப் பத்துப் பேரும் நடுக்கோட்டில் இருந்துவிட்டோம். வருடம் முழுக்க ஓடியதெல்லாம் போகப்போகிறதே என்று நினைத்தேன். ஆனாலும் எழும்பவில்லை. அரை மணித்தியாலம் கழித்து நடுவர் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, தலையை மூடி விளையாடலாம் என்று காட்டினார், அவளை விட்டார்கள். ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம்.

கொஞ்சம் பாரைக் கருவாடு அனுப்புங்கள். இங்கேயும் வாங்கலாம்தான், ஆனாலும் அனுப்புங்கள். என் பழைய போர்வையும்.

வாசலில் பஸ்மியா கூப்பிடுகிறாள். ஆட்டத்தை மறித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொல்லி, கல்லூரி நிர்வாகம் எனக்கு இந்தத் தாளைத் தந்தது. அதில்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெனிற்றா